சாம்பல் மேட்டுக் கிணறு

சாம்பலை எங்கே கொட்டலாம், எங்கே கொட்டக் கூடாது என்று விதி எழுதிய மகானுபாவர்கள் வாழ்நாளில் ஒரு கூடைச் சாம்பலாவது அள்ளியிருக்க மாட்டார்கள். அள்ளியிருந்தால் அந்தச் சுற்றறிக்கை ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும். எங்களுக்கு வந்தது ஒன்பது பக்கம். சென்னையில் தட்டச்சு செய்து, மதுரையில் நகல் எடுத்து, அந்த நகலுக்கு இன்னொரு நகல் எடுத்து, திண்டுக்கல்லில் என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது கடைசிப் பக்கத்தில் எழுத்து என்று எதுவும் இல்லை, நீலக் கறைதான் இருந்தது. விதியை மீறினால் என்ன தண்டனை என்பது அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருந்ததாகக் கேள்வி. எங்கள் அலுவலகத்தில் அதைப் படித்தவர் எவரும் இல்லை. படிக்க முடியவில்லை என்று மதுரைக்கு எழுதிக் கேட்டவரும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வயதில் எனக்கு யாரிடமும் பயம் கிடையாது. பெயர் சொல்லும் அளவுக்கு அதற்கு மரியாதை தர மனமில்லை, அவ்வளவுதான். சாக்கடை, தெருவிளக்கு, செத்த மாடு, பெரியம்மை ஊசி என்று எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்ட இடம் அது. நான் அங்கே தற்காலிக எழுத்தர். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. சிபாரிசு கிடையாது. என்னிடம் இருந்த ஒரே சொத்து கையெழுத்து. அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த பாராட்டு அலுவலகத்திலும் தொடர்ந்தது. மேலதிகாரி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உறைகளில் விலாசம் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதையெல்லாம் பெருமை என்று நினைத்துக்கொண்டு எழுதிக்கொடுத்த மடையன் நான்.

செம்பட்டி சாலையில், ஊர் முடிந்து சோளக்காடு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு ஆலை இருந்தது. நூலுக்குச் சாயம் காய்ச்சவும் கஞ்சி போடவும் உள்ளே பெரிய பாய்லர் ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். ரயிலில் வந்த நிலக்கரி மாட்டுவண்டிகளில் முன்வாசல் வழியே உள்ளே போகும். அதே வண்டிகளில் சாம்பல் பின்வாசல் வழியே வெளியே வரும். பின்வாசலுக்கு எதிரேதான் எங்கள் தெரு. தெருவின் முனையில் ஒரு புறம்போக்கு நிலம், அதை ஒட்டி ஒரு கிணறு. கரியைத் தார்ப்பாய் போட்டு மூடி, காவலுக்கு ஆள் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். சாம்பலைக் கேட்பார் இல்லாமல் அந்தப் புறம்போக்கில், எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டுக்கல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அந்தக் காலத்தில் அங்கே குடித்தவர்களுக்குத் தெரியும். பாதிக் கிணறுகளில் வாளியை விட்டால் உப்பு. ஒரு கிணற்றுத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பார்க்க நாங்கள் யாரிடமும் போய்க் கேட்டதில்லை. ஒரு பிடி துவரம்பருப்பை அதில் வேகவைப்போம். பருப்பு மலர்ந்து கரைந்தால் அது நல்ல தண்ணீர். எவ்வளவு விறகு எரித்தாலும் முழித்துக்கொண்டு கிடந்தால் அந்தக் கிணறு துணி துவைக்கத்தான் லாயக்கு. பெண் கொடுக்கப் போகிற வீட்டில்கூட முதலில் கேட்பது, உங்கள் கிணற்றில் பருப்பு வேகுமா என்றுதான். எங்கள் தெருக் கிணற்றில் பருப்பு இரண்டு கொதியில் குழைந்துவிடும். பேகம்பூரில் டீக்கடை வைத்திருந்த ஒரு பாய் சைக்கிளின் இரண்டு பக்கமும் தகர டின்களைக் கட்டிக்கொண்டு தினமும் அங்கே தண்ணீர் எடுக்க வருவார்.

அந்தக் கிணற்றை நம்பித்தான் என் அக்கா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். மச்சான் இறந்த மறுவருடம், வீட்டு முன்பக்கத்தில் இரண்டு பெஞ்சைப் போட்டு ஆரம்பித்தது. ஆலைத் தொழிலாளர்கள் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிடுவார்கள். சோறு, பருப்புக் குழம்பு, தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம். மற்ற கடைகளில் மூன்று வெஞ்சனம் வைத்தும் கூட்டம் இங்கேதான் இருந்தது. அந்தப் பருப்புக்காகவே வந்தார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தது அந்தப் பருப்புச் சட்டியால்தான். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்தால் போதும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். நான் அரசாங்க வேலைக்குப் போன பிறகு, "எந்தம்பி ஆபீசுல எழுதுறான்" என்று சாப்பிட வருகிறவர்களிடம் ஒருநாள் தவறாமல் சொல்வாள். அப்போதெல்லாம் நான் அடக்கமாக இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் தெருக்காரர்களையும் சும்மா விடுவதற்கில்லை. ஆலைச் சாம்பல் வந்து விழ ஆரம்பித்தபோது அவர்கள் அடைந்த சந்தோஷம் சொல்லி முடியாது. சும்மா கிடைக்கிறது என்றால் எங்கள் ஆட்கள் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். பாத்திரம் தேய்க்க ஒரு கூடை, தரை மெழுகுவதற்கு முன் மட்டம் செய்ய இரண்டு கூடை, மாட்டுக் கொட்டகைச் சேற்றில் போட நாலு கூடை. எரியாமல் மிஞ்சிய கரித்துண்டுகளைப் பொறுக்கி வெந்நீர் போட்டார்கள். அவரைக் கொடியில் அசுவினிப் பூச்சி விழுந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவுவது எங்கள் பக்கத்து வழக்கம். அடுப்பில் எரிவது விறகு, பாய்லரில் எரிவது தரைக்கு அடியில் தோண்டி எடுத்த கரி என்ற வித்தியாசத்தை யாரும் யோசிக்கவில்லை. ஆலைச் சாம்பலைத் தாராளமாக அள்ளித் தூவினார்கள். கொடி ஓரமெல்லாம் கருகித் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரியின் கண் பட்டுவிட்டது என்று அவளோடு ஒரு வாரம் சண்டை போட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கெட்டிக்காரத்தனம் ஐப்பசியில் நடந்தது. மழைக்காலத்தில் கிணற்றைச் சுற்றிச் சேறு கணுக்கால் வரை இருக்கும். தெருப் பெண்கள் ஒன்றுகூடி, கூடை கூடையாய்ச் சாம்பலைச் சுமந்து வந்து, கிணற்றைச் சுற்றிக் கொட்டி, காலால் மிதித்து, அழகான கறுப்புத் தளம் ஒன்று போட்டுவிட்டார்கள். என் அக்காதான் முன்னால் நின்று செய்தாள். கால் வழுக்காமல் தண்ணீர் எடுக்க முடிந்தது. தெருவே அதைப் பாராட்டியது. நானும் பாராட்டினேன். பக்கத்தில் ஆலைக்காரர்கள் கொட்டிய மேடு ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. மழை அந்த மேட்டில் இறங்கி, இந்தத் தளத்தில் இறங்கி, நேராகக் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது வருட மழைக்குப் பிறகு அக்காவின் பருப்பு வேகவில்லை.

முதலில் அவள் மளிகைக் கடைக்காரரிடம் போய், "பருப்பு விக்கிறீரா, கூழாங்கல்லு விக்கிறீரா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அவர் இதே மூட்டைப் பருப்புதான் தன் வீட்டிலும் வேகிறது என்று சத்தியம் செய்தார். கடையை மாற்றினாள். விறகை மாற்றினாள். சட்டியை மாற்றினாள். சோடா உப்புப் போட்டுப் பார்த்தாள். குழம்பு சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. சாப்பிட வந்தவர்கள் பருப்பை இலை ஓரத்தில் ஒதுக்கினார்கள். அக்கா சமைத்ததை அதுவரை யாரும் அப்படி ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

கொடைரோடு ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் கடைக்கு வருவார். அவரிடம் சொல்லி அக்கா அங்கிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரே பருப்பு, ஒரே அளவு, ஒரே மாதிரி இரண்டு சட்டி, ஒரே கோட்டை அடுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேகவைத்தாள். கொடைரோட்டுச் சட்டியில் பருப்பு கரைந்துவிட்டது. எங்கள் கிணற்றுச் சட்டியிலிருந்து ஒரு பருப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நசுக்கிப் பார்த்தேன். நசுங்கவில்லை.

"இந்தா பாத்தியா தம்பி. பருப்பு மேல குத்தமில்ல, என் மேலயும் குத்தமில்ல. கெணத்துலதான் என்னமோ எறங்கிருச்சு. அந்தச் சாம்பல் மேட்டை எடுக்கச் சொல்லு. நீ ஆபீசுலதான இருக்க" என்றாள்.

சென்னையில் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் இருந்தன. அங்கிருந்தவர்கள் செய்யாத காரியத்தை என் அக்கா இரண்டு மண்சட்டியை வைத்துச் செய்து முடித்துவிட்டாள். அன்று எனக்கு உண்மையாகவே வீரம் வந்தது. ஒன்பது பக்கச் சுற்றறிக்கையை வீட்டுக்கு எடுத்து வந்து படித்தேன். ஐந்தாவது பக்கத்தில் தெளிவாக இருந்தது. தொழிற்சாலைச் சாம்பலைக் குடிநீர்க் கிணற்றிலிருந்து நூறு அடிக்குள் குவிக்கக் கூடாது. குழி தோண்டிப் போட்டு மண் மூட வேண்டும். ஆறாவது பக்கத்தில், சாம்பலை வீணாக்காமல் தாழ்ந்த நிலத்தை மேடாக்கவும் சாலை போடவும் செங்கல் அறுக்கவும் பயன்படுத்தலாம், அப்படிப் பயன்படுத்துவது கொட்டுவதாகக் கருதப்படாது என்று இருந்தது. ஆறாவது பக்கத்தை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

தெருவின் பெயரில் மனு எழுதினேன். எழுதுவதில்தான் நான் சூரன் ஆயிற்றே. மேட்டுக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம், சுற்றறிக்கையின் பத்தி எண், ஏழை எளியவர்களின் துயரம் எல்லாம் வைத்தேன். அழுத்தம் போதவில்லை என்று பட்டது. "பருப்பும் வேகாத அளவுக்குக் கெட்டு, இக்கிணற்று நீர் குடிப்பதற்கு உதவாததாகிவிட்டது" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து ரசித்தேன். தெருக்காரர்கள் பெருவிரலை மையில் தோய்த்து வரிசையாக வைத்தார்கள். அக்காவின் ரேகை முதலில் இருந்தது. மறுநாள் அந்த மனுவை நானே அலுவலகப் பெட்டியில் போட்டு, நானே எடுத்து, நானே பதிவு செய்து, அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அதிகாரி ஒரு வாரம் கழித்து ஜீப்பில் வந்தார். நல்ல வெள்ளை பேண்ட். சாம்பலில் கால் வைக்க வேண்டியிருக்குமே என்ற கவலை அவர் முகத்தில் முதலிலிருந்தே தெரிந்தது. ஆலையின் மேற்பார்வையாளர் குடையோடு வந்து சேர்ந்தார். பழனிப் பக்கத்துக்காரர். எதைச் சொன்னாலும் ங்க போடுவார். அந்த மரியாதையைக் கேட்டால் யாருக்கும் சந்தேகமே வராது.

"ஏனுங்க, வெறும் சாம்பலுங்க. சாமி கும்பிட்டா நாமளே நெத்தியில பூசறதுங்க. இதுல என்ன கெடுதல் வந்துரப் போகுதுங்க" என்றார். திருநீறு எதை எரித்துச் செய்வது, பாய்லரில் எரிவது எது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதிகாரி தலையாட்டினார்.

நானும் பியூனும் நாடா பிடித்து அளந்தோம். அறுபது அடி. நாடாவைக் கொஞ்சம் வளைத்துப் பிடிக்க முடியுமா என்பது போல அதிகாரி பார்த்தார். அக்கா ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, "அய்யா, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. அப்பத் தெரியும்" என்றாள். அதிகாரி அந்தச் சொம்பைத் தொடவில்லை. மேற்பார்வையாளர் ஆள் அனுப்பி வாங்கி வைத்திருந்த கோலி சோடாவை அதிகாரி உடைத்துக் குடித்தார். பிறகு இருவரும் ஆலையின் விருந்தினர் விடுதிக்குச் சாப்பிடப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். அங்கே பருப்பு நன்றாக வெந்திருந்தது. ஆலைக்குள் தனியாக ஆழ்குழாய் இருந்தது.

மறுநாள் அதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் மனு இருந்தது. பக்கத்தில், தற்காலிக எழுத்தர்களில் யாரை நிரந்தரம் செய்யலாம் என்று மதுரைக்கு அனுப்ப வேண்டிய பட்டியல் இருந்தது. அது தற்செயலாக அங்கே கிடந்ததா, எடுத்து வைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. எடுத்து வைக்கும் அளவுக்கு அவருக்கு மூளை உண்டு என்று நான் நினைத்ததில்லை.

"அறுபது அடின்னு எழுதினா மேட்டை எடுக்கச் சொல்லணும். எடுக்கச் சொன்னா ஆலைக்காரங்க மேலே போவாங்க. எனக்கு ரிடையர்மென்ட் பக்கத்துல இருக்கு. நீ நல்லா ட்ராப்ட் பண்றவன். ஏதாவது வழி இருக்கான்னு பாரு" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கிணற்றை நம்பிப் பிழைப்பவள் என் அக்கா என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த மனுவை எடுத்து, நான் எழுதிய, நான் ரசித்த அந்த வரியில் விரலை வைத்து, "சார், வழி இதுலயே இருக்கு" என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு குஷி இருந்தது. கணக்கில் விடை வந்துவிட்ட மாணவனின் குஷி. அதை நினைத்தால் இன்றும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் எழுதிய குறிப்பு இதுதான். நூறு அடி என்ற விதி குடிநீர்க் கிணறுகளுக்கு மட்டுமே. இந்தக் கிணறு தோட்டப் பாசனத்துக்காக வெட்டப்பட்டது, அலுவலகத்தின் குடிநீர்க் கிணறுகள் பட்டியலில் இல்லை. மேலும் இதன் நீர் குடிக்க உதவாது என்று மனுதாரர்களே கைரேகை வைத்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குடிக்க உதவாத நீர் உள்ள கிணறு குடிநீர்க் கிணறு ஆகாது. ஆகவே விதி மீறப்படவில்லை. தவிர, அங்கிருக்கும் சாம்பல் கொட்டப்பட்டதே அல்ல, தாழ்ந்த நிலத்தை மேடாக்கப் பயன்படுத்தப்படுவது. பொதுமக்களே விரும்பிக் கிணற்றைச் சுற்றித் தளம் போட்டிருப்பது இதற்குச் சான்று.

கெடுத்தவன் கெடுத்ததாலேயே தப்பித்துக்கொண்டான். கெட்டுவிட்டது என்று அழுதவர்களின் அழுகையே அவனுக்குச் சாட்சி. இப்படி ஒரு அயோக்கியத்தனத்தைச் சென்னையில் உட்கார்ந்து விதி எழுதியவர்கள்கூட நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குத் திண்டுக்கல்லில் பருப்புச் சோறு தின்று படித்த ஒருவன் தேவைப்பட்டான்.

அதிகாரி படித்துவிட்டு என் தோளில் தட்டினார். "பேஷ். இதோட ஒரு போர்டும் வெச்சிரு. நாளைக்கு யாராவது குடிச்சுட்டு வயித்து வலின்னு வந்தா நம்ம தலையில விடியும்" என்றார். பெயர்ப் பலகை எழுதுகிறவரிடம் கொடுத்தால் நாளாகும் என்று, என் கையெழுத்து அழகு தெரிந்த அவர் என்னையே எழுதச் சொன்னார். வெள்ளையடித்த தகரத்தில் கறுப்புப் பெயிண்டால் எழுதினேன். "எச்சரிக்கை. இக்கிணற்று நீர் குடிப்பதற்கு உரியதல்ல." பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரத்தில் வரும்படி, அரை நாள் உட்கார்ந்து எழுதினேன்.

பியூன் கிணற்றடியில் கம்பம் நட்டுப் பலகையை அடித்தபோது நானும் நின்றேன். அக்கா குடத்தோடு வந்தாள். பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன தம்பி எழுதியிருக்கு?"

"கெணறு ஆழமா இருக்கு, பிள்ளைகள பத்திரமாப் பாத்துக்கங்கன்னு எழுதியிருக்குக்கா."

"நல்ல காரியம். போன வருசம் ஒரு கன்னுக்குட்டி விழுந்துச்சுல்ல. அப்ப மேட்டை எப்ப எடுக்கிறாக?"

"எழுதிப் போட்டிருக்கு. கொஞ்ச நாளாகும்."

"ஆவட்டும். சர்க்கார் காரியம்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பலகைக்குக் கீழே குனிந்து வாளியை விட்டாள்.

பருப்புக்கு மட்டும் அவள் ஒரு மைல் நடந்து, ஒரு தோட்டத்து பம்புசெட்டிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்துகொண்டிருந்தாள். சோற்றுக்கும் குடிக்கவும் இந்தக் கிணறுதான். மேட்டை எடுத்துவிட்டால் தண்ணீர் தெளிந்துவிடும் என்று நம்பியிருந்தாள். நான் எழுதிப் போட்டிருக்கிறேனே, பிறகென்ன.

தெருவில் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். படித்தார்கள். அவள் தம்பியே ஆபீசில் இருக்கிறான், அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். அடுத்தவர் காரியத்தில் தலையிடாத கௌரவஸ்தர்கள். பேகம்பூர் டீக்கடைக்காரர் பலகையைப் படித்துவிட்டு, டின்களை நிரப்பாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். ஆலைத் தொழிலாளர்களும் படித்தார்கள். இரண்டாம் நாள் பாதிப் பேர் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்தது. அக்கா, ஆலையில் சம்பளம் போடவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். நான் அலுவலகத்தில் வேலை அதிகம் என்று சொல்லி, இரவிலும் அங்கேயே படுத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

நாலாம் நாள் ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர் ஒருவர் சாப்பிட உட்கார்ந்து, சொம்பைத் தள்ளி வைத்துவிட்டு, தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டாராம். அக்கா சொன்னாளாம். "ஏக்கா, குடிக்கக் கூடாதுன்னு போர்டு எழுதி வச்சிருக்கு, அதுலயே சோறாக்கிப் போடுறியே" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். அவர் மேல் தப்பில்லை. மற்றவர்கள் செய்ய வேண்டியதை அவர் செய்தார். அக்கா அப்போதும் நம்பவில்லை. ஆழமான கிணறு என்றுதான் எழுதியிருக்கிறது, என் தம்பி படித்துச் சொன்னான் என்று சாதித்தாளாம். பிட்டர் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டினாராம். இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் பிற்பாடு எனக்குச் சொன்னார். ரொம்ப ருசித்துச் சொன்னார்.

கடை தை பிறப்பதற்குள் மூடிப்போனது. அக்கா ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளி விடுதியில் சமையலுக்குப் போனாள். நான் நிரந்தரமானேன். ஆலை பாய்லரை மாற்றும் வரை அந்த மேடு அங்கேயே இருந்தது. பிறகு அந்தச் சாம்பலை வண்டி வண்டியாக ஏற்றி வந்து எங்கள் அலுவலகத்தின் புது முற்றத்தை மேடாக்கினார்கள். ஆறாவது பக்கத்தின்படி அது முறையான பயன்பாடு. அந்தக் கோப்பிலும் குறிப்பு என்னுடையதுதான். பத்து வருடம் அதன் மேல் நடந்து உள்ளே போய்ச் சம்பளம் வாங்கினேன். சாம்பல் விதிகளைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள்.

கடை மூடுவதற்கு முன்னால், பிட்டர் படித்துக் காட்டிய மறுநாள் மத்தியானம், அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். அதற்கு முன் அவள் வந்ததே இல்லை. உள்ளே வரவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் நின்று பியூனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். கையில் தூக்குச்சட்டி. நான் போய் நின்றேன். என்ன சொல்வது என்று நாலைந்து வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். எல்லாம் நல்ல வாக்கியங்கள்.

"நாலு நாளா சாப்ட வரலயே தம்பி. வெளியில தின்னா உனக்கு ஒத்துக்காது. அதான் கொண்டாந்தேன்" என்று தூக்குச்சட்டியைக் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டேன்.

"அந்தப் பலகைய நீதான் எழுதுனியாமே?"

"ஆமாக்கா."

"எழுத்து முத்து முத்தா இருக்குன்னாரு பிட்டர்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் அதிகம். ஒரு மைல் நடந்து வந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனவள் ஏதோ மறந்துவிட்டதுபோலத் திரும்பி வந்தாள்.

"சோறு நம்ம கெணத்துத் தண்ணியில ஆக்கல. பம்புசெட்டுத் தண்ணிதான், பயப்படாமச் சாப்டு. குடிக்கத்தான் தண்ணி கொண்டாரல. அதை மட்டும் இங்கனயே குடிச்சுக்க."